அக்காவின் போனுக்கு நெட் வந்தபோது

அக்காவுக்கு ஒரு செல்போன் வாங்கலாம் என்று நான் சொன்னபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காதே கேக்காத பொண்ணுக்கு போனு இன்னாத்துக்கு?" என்றாள்.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. என்னைவிட நாலு வயது மூத்தவள். ஐந்து வயதில் ஒரு மிஷன் பள்ளியில், காது கேளாத பிள்ளைகளுக்கான ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார்கள். பத்தாவது முடித்து வீட்டுக்கு வந்தவள், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் சேர்ந்தாள். ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்பார்கள். பெரிய ஹாலில் வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும், ஒவ்வொரு வரிசையும் ஒரு லைன். பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கத்த வேண்டும். சாயங்காலம் எல்லாரும் தலைவலியோடு பஸ் ஏறுவார்கள், அக்கா மட்டும் காலையில் போன அதே முகத்தோடு வருவாள்.

எங்கள் வீடு பள்ளிகொண்டாவில். நான் அங்கேயே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். அப்பா தோல் பதனிடும் டேனரியில் கணக்குப் பிள்ளையாக இருந்து, ரிட்டயர் ஆன இரண்டாம் வருடமே போய்விட்டார். மிச்சம் இருந்தது நாங்கள் மூன்று பெண்கள்தான்.

போன் யோசனை எனக்கு வந்தது ஒரு மழைநாளில். ஹைவேயில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து, கம்பெனி பஸ் மாதனூர் பக்கத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. மற்ற வீடுகளுக்கெல்லாம் யாராவது ஒரு சூப்பர்வைசர் போனிலிருந்து தகவல் வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் வரவில்லை. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ரோட்டோரத்தில் நின்றாள். அக்கா இறங்கியதும் அவள் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள். அக்காவுக்கு எதற்கு அடி என்று புரியவில்லை. 'பஸ் லேட்' என்று கையால் காட்டினாள். அதைத்தான் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

பேச வேண்டாம், மெசேஜ் அடிக்கலாமே என்று அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைத்தேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து, இரண்டு வருடம் பேசிவிட்டு விற்ற செட் கிடைத்தது. சிம் கார்டை அக்கா பெயரிலேயே வாங்கினோம். அவளுடைய போட்டோ, அவளுடைய ரேஷன் கார்டு நகல், அவளுடைய கையெழுத்து. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது, பேங்க் மேனேஜர் மாதிரி பேனாவை நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாள். 'பஸ் ஏறினேன்.' 'இன்று ஓவர்டைம்.' 'கேன்டீன் சாம்பார் தண்ணி.' அவள் எழுத்தில் வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். டீச்சரான எனக்கு முதலில் திருத்தத் தோன்றியது. பிறகு விட்டுவிட்டேன்.

வீட்டில் எங்களுக்குள் ஒரு சைகை இருந்தது. மீசையைத் தடவினால் அப்பா. கழுத்தில் பட்டை காட்டினால் சபை ஐயர், எங்கள் சர்ச் பாதிரியார். சாப்பாடு, மழை, தூக்கம், காய்ச்சல், கோபம். எண்ணிப் பார்த்தால் நூறு தேறாது. அந்த நூறை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டியிருந்தோம். ஹாஸ்டலில் அவளுக்கு வேறு ஒரு பாஷை இருந்தது என்பதை நான் ஒரு நாள் வேலூர் பஸ் ஸ்டாண்டில்தான் சரியாகப் பார்த்தேன்.

கூடப் படித்த ஒருத்தி கூட்டத்தில் அக்காவை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். இரண்டு பேர் கையும் பறந்தது. நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா புருவத்தைத் தூக்குகிறாள், கன்னத்தை உப்புகிறாள், யாரையோ நடித்துக் காட்டுகிறாள், அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என் அக்கா வேடிக்கையாகப் பேசுகிறவள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிரியும்போது அந்தப் பெண் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு ஈமெயில் முகவரி எழுதிக் கொடுத்தாள். பழைய மாணவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகுமாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் நெட் சென்டருக்குப் போனோம். பிளைவுட் தடுப்பு போட்டு, திரை தொங்கவிட்ட சின்னச் சின்ன அறைகள். உள்ளே பையன்கள். முதலாளி அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவங்களுக்குப் படிக்க வருமா?" என்று என்னைக் கேட்டார். வரும் என்றேன். அக்காவுக்கு ஒரு ஈமெயில் திறந்தோம். எழுதினாள். ஆனால் பதில் படிக்க இன்னொரு ஞாயிறு வர வேண்டும். அந்த ஞாயிறு கரண்ட் போய்விட்டால் அதற்கடுத்த ஞாயிறு. அவள் போட்ட கேள்விக்கு வந்த பதிலை அவள் படிக்கும்போது, குழுவில் பேச்சு எங்கேயோ போயிருக்கும்.

ஒரு மாதம் பொறுத்தாள். ஒரு நாள் கம்பெனியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனில் தட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

'லைன் பொண்ணு போன் நெட் வருது. நான் போன் ஏன் வரல? எனக்கு வேணும்.'

எங்கள் தெருமுனையில் செல்போன் கடை வைத்திருந்தவர் நல்ல மனிதர். செட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நம்பருக்கு மெசேஜ் அனுப்பினார்.

"இப்ப செட்டிங்ஸ் வரும் டீச்சர். சேவ் குடுத்தா நாலு நம்பர் கேக்கும், ஒண்ணு ரெண்டு மூணு நாலு போட்டா முடிஞ்சிச்சு."

வந்தது செட்டிங்ஸ் இல்லை. இந்த மாடல் எங்கள் பட்டியலில் இல்லை என்று ஒரு பதில்.

"வெளிநாட்டு செட்டு இல்லியா, அதான் பேஜார் பண்ணுது" என்றார். "தானா வராது. கையாலதான் போடணும்."

"டவர்தான் நல்லா காட்டுதே, மெசேஜ் போகுதே. நெட்டுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "பேசறதுக்கு ஒரு வாசல், நெட்டுக்கு ஒரு வாசல் டீச்சர். ரெண்டும் அதே டவர்தான். ஆனா நெட்டு வாசலுக்கு ஒரு பேர் இருக்குது. அந்தப் பேரைப் போன்ல எழுதி வச்சாத்தான் அந்தப் பக்கம் போகும். ஒரு எழுத்து மாறுனாலும் தொறக்காது. அதுக்கு மின்னாடி கம்பெனிக்காரன் உங்க நம்பருக்கு நெட்டை ஆன் பண்ணனும். கஸ்டமர் கேர்ல பேசிடுங்க."

பேசிடுங்க. அந்த வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து அக்காவின் போனிலிருந்தே கூப்பிட்டேன். அக்கா எதிரில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சுற்றி, கடைசியில் ஒரு பெண் வந்தாள். தேன் மாதிரிக் குரல்.

"கனெக்ஷன் யார் பேர்ல இருக்குதோ அவங்க பேசணும் மேடம்."

"அது எங்க அக்கா. அவங்களுக்குக் காது கேக்காது. பேச்சும் வராது."

"பரவால்ல மேடம். வெரிஃபிகேஷனுக்கு ரெண்டு கேள்விதான். அவங்கள லைனுக்கு வரச் சொல்லுங்க."

"அவங்களால பேச முடியாதுன்னு சொல்றேனே."

"புரியுது மேடம். அவங்க எப்ப ஃப்ரீயா இருப்பாங்க?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன செய்வது? எதிரில் ஒரு தாளில் எழுதிவைத்ததை அவள் படித்திருப்பாள். அந்தத் தாளில் இப்படி ஒரு ஆள் இல்லை.

போனை வைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை வேறு ஒருவர் எடுத்தார். பெயர் கேட்டார். அக்காவின் பெயரைச் சொன்னேன். "நீங்கதான் பேசறீங்களா?" என்றார்.

"ஆமா. நான்தான்" என்றேன்.

அப்பா பெயர், பிறந்த தேதி, எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. அவர் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டாள்.

அவளுக்கு உதடு படிக்கத் தெரியும். ஹாஸ்டலில் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. அவளுடைய பெயரை என் உதட்டில் பார்த்திருக்கிறாள். 'நான்' என்று சொல்லும்போது பழக்கத்தில் என் கை நெஞ்சுக்குப் போனதையும் பார்த்திருக்கிறாள்.

என் நெஞ்சைச் சுட்டிக்காட்டினாள். பிறகு தன் நெஞ்சை. பிறகு என்ன என்று கையை விரித்தாள்.

"உனக்காகத்தானே அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவில்லை. போனில் தட்டினாள்.

'நான் பேர் நான் மட்டும்.'

அடுத்த சனிக்கிழமை கம்பெனியில் அரைநாள் லீவு போட்டாள். வேலூரில் அந்த மொபைல் கம்பெனியின் ஆபீஸ் இருந்தது. நான் வருகிறேன் என்றேன். சரி, ஆனால் பின்னால் நில் என்று காட்டினாள்.

குளிரூட்டிய அறை. டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். எண் கூப்பிட்டார்கள். சுவரில் எண் மாறியதைப் பார்த்து அக்கா எழுந்து போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண். அக்கா வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்த தாளை நீட்டினாள். அந்தப் பெண் படித்துவிட்டு, எல்லாரும் செய்வதைப் போல, அக்காவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "இவங்களுக்கு இன்னா ப்ராப்ளம்?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா மேஜையில் இரண்டு தட்டு தட்டினாள். பேனாவை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, தாளை அவள் பக்கம் தள்ளினாள்.

ஒரு கணம் அந்தப் பெண் தடுமாறினாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். அக்கா எழுதினாள். மறுபடி அவள். ஐந்தாவது தடவையில் இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சுவரோரமாக நின்று, குடும்பம் முழுக்கப் போன் பேசிச் சிரிக்கிற விளம்பரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் ரேஷன் கார்டைப் பார்த்து, கையெழுத்தை ஒப்பிட்டு, நெட்டை ஆன் செய்துவிட்டார்கள். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு தாள் அச்செடுத்து வந்தாள். அதில்தான் கடைக்காரர் சொன்ன வாசலின் பெயர் இருந்தது. அக்சஸ் பாயிண்ட் என்று போட்டு ஒரு சின்ன வார்த்தை, நடுவில் ஒரு புள்ளி. அதன் கீழே புள்ளி புள்ளியாகப் பிரித்த எண்கள். இன்னும் கீழே போர்ட் என்று ஒரு எண். அந்தப் பெண் தானே போடுவதற்குக் கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ஊசி முனை தோலில் இறங்குகிற இடத்தைப் பார்க்கிற அதே பார்வை.

சேவ் செய்து, போனை அணைத்து, போட்டாள். வரவில்லை. இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி. மறுபடி தாளோடு ஒப்பிட்டாள். எல்லாம் சரி. மறுபடி அணைத்துப் போட்டாள். வரவில்லை. வாங்கிப் பார்க்கலாமா என்று ஒரு அடி முன்னால் வைத்தேன், நின்றுவிட்டேன்.

கண்டுபிடித்தது அக்காதான். வாசல் பெயரின் கடைசி எழுத்துக்குப் பிறகு ஒரு வெற்றிடம் விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. கர்சர் ஒரு கட்டம் தள்ளித் துடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதை அழித்தாள்.

திரையின் மேல் ஓரத்தில், டவர் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஜி எழுத்து வந்து உட்கார்ந்தது. மொபைல் கம்பெனியின் முகப்புப் பக்கம் மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக இறங்கியது. கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன், ஏதோ ஒரு நடிகையின் பாதி முகம். அக்கா அதையெல்லாம் தாண்டி மெயிலுக்குப் போனாள். கடிதங்கள் காத்திருந்தன. ஆபீஸ் மூடும்வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளை யாரும் எழுப்பவும் இல்லை.

அந்தத் தாளை அவள் ஒரு நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டாள். பிறகு மற்ற கம்பெனிகளின் செட்டிங்ஸையும் யார் யாரிடமோ கேட்டு அதே நோட்டில் எழுதினாள். லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, சாப்பாட்டுப் பையிலேயே இருக்க வேண்டும். ஆனால் மத்தியானம் கேன்டீனில், சைனா செட்டும் பழைய செட்டும் வைத்திருந்த பெண்கள் எல்லாம் அவளிடம் வந்து நின்றார்களாம். சபையில் ஒரு பெண் என்னிடம், "உங்க அக்கா போட்டாத்தான் டீச்சர் நிக்குது. கடையில போட்டா ரெண்டு நாள்ல போய்டுது" என்று சொன்னபோதுதான் எனக்கே தெரியும். பதினைந்து வருடம் அந்தப் பெண்கள் அவளிடம் தலையாட்டுவதோடு சரி. இப்போது தாளில் எழுதிக் கேட்கப் பழகியிருந்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், கூடவே ஒரு உறுத்தலும் இருந்தது. அதுவரைக்கும் உலகத்திலிருந்து அவளுக்குப் போனதெல்லாம் என் வழியாகத்தான் போனது. ஐயர் பிரசங்கம், டாக்டர் சொன்னது, கல்யாண வீட்டில் யாரோ சொன்ன ஜோக். பத்து நிமிஷம் பேசியதை நான் இரண்டு சைகையில் முடிப்பேன். இப்போது அவள் வாசல்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறாள். என்ன என்று கேட்டால், ஒரு பெயரை விரலால் காட்டுகிறாள். அது யார் என்று எனக்குத் தெரியாது.

ஆறு மாதம் போயிருக்கும். ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டு முடித்து அம்மா படுத்திருந்தாள். அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். போனை நீட்டினாள். ஒரு மெயில்.

எழுதியவர் அவளோடு ஹாஸ்டலில் படித்தவர். திருப்பத்தூரில் டெய்லர் கடை. மனைவிக்கும் காது கேட்காது, இரண்டு பிள்ளைகள். ஏதோ பழைய கதையெல்லாம் எழுதிவிட்டு, நடுவில் விளையாட்டாக ஒரு வரி போட்டிருந்தார். உன்னைப் பெண் கேட்டு என் அண்ணன் உங்கள் வீட்டுக்குப் போன் செய்தானே, நீ வேண்டாம் என்றுவிட்டாயே, நான் அவ்வளவு மோசமா?

நான் இரண்டு தடவை படித்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அக்கா போனைத் திரும்ப வாங்கித் தட்டினாள்.

'போன் எடுத்தது யார்?'

நான்தான் எடுத்தேன். தொண்ணூறுகளின் கடைசி. வீட்டுக்குப் போன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஒருவர் கூச்சத்தோடு, தன் தம்பியும் எங்கள் அக்காவும் ஒன்றாகப் படித்தவர்கள் என்றும், வீட்டில் வந்து பேசலாமா என்றும் கேட்டார். நான் அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா மரியாதையாகத்தான் பேசினார். "இல்லைங்க, ரெண்டு பேருக்குமே காது கேக்காம எப்படிக் குடும்பம் நடத்துவாங்க? ராத்திரி கொழந்தை அழுதா யாருக்குக் கேக்கும்? தப்பா எடுத்துக்காதீங்க" என்று வைத்துவிட்டார். அக்கா அந்த அறையில்தான் இருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் என்று என்னைக் கேட்டாள். நான் புத்தகத்தைக் காட்டினேன். என் காலேஜ் விஷயம் என்று.

அப்பா சொல்லி நான் அப்படிச் செய்யவில்லை. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. முழுசாகச் சொல்ல நேரமாகும், சொன்னால் அவள் வருத்தப்படுவாள், எப்படியும் நடக்காத விஷயம். அவ்வளவுதான் யோசித்தேன். ஒரு புத்தகத்தைச் சுட்டிக்காட்ட ஒரு நொடி போதும்.

இதை எப்படிக் கையால் சொல்வது? என் நெஞ்சில் கை வைத்தேன். நான்.

அக்கா எழுந்து உள்ளே போனாள்.

அவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். பார்க்கமாட்டாள். அவள் பார்க்காவிட்டால் நமக்குப் பேச்சே இல்லை. தோளைத் தொட்டால் தோளைத் திருப்பிக்கொள்வாள். எதிரில் போய் நின்றால் கண்ணை மூடிக்கொள்வாள். காது கேட்கிறவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் முதுகிடமாவது பேசலாம். எனக்கு அதற்கும் வழியில்லை. அம்மா, "இன்னாடி சண்டை ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் என் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நெட் போடணும் என்றேன்.

"உங்க அக்காவே போட்டுத் தருவாங்களே டீச்சர்" என்றார் கடைக்காரர்.

"இல்ல, நீங்களே போடுங்க."

என்னுடையது நம் ஊர் செட். ஒரே மெசேஜில் செட்டிங்ஸ் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. முடிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு மெயில் எழுத ஆரம்பித்தேன். ஒரு எழுத்துக்கு ஒரே பட்டனை மூன்று தடவை அழுத்த வேண்டிய காலம். மூன்று நாள் ஆனது. அந்தப் போனில் அவர் பேசியது, அப்பா பேசியது, நான் எதைக் காட்டினேன், ஏன் காட்டினேன், எதையும் சுருக்காமல் எழுதினேன். சுருக்காமல் அவளிடம் நான் எதையாவது சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று அடிக்கும்போதுதான் தெரிந்தது. அனுப்பிவிட்டு மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்தப் போனேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டீ குடித்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் போன் அதிர்ந்தது.

'அம்மா தெரியுமா?'

நடுவில் ஒரு சுவர்தான். தெரியும் என்று அடித்தேன். அந்தச் சின்னப் பதில் எங்கள் வீட்டிலிருந்து டவருக்குப் போய், எங்கேயோ சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்கு வந்து சேர ஒரு நிமிஷம் ஆனது.

'அப்பா அழுதார்?'

இல்லை. ஆனால் அன்று சாப்பிடவில்லை.

பிறகு அடுத்த கேள்வி வந்தது. எதிர்பார்க்காத இடத்திலிருந்து.

'ஆஸ்பத்திரி. கடைசி நாள். அப்பா பேசினார். நீ சொன்ன, சாப்பிட்டியா கேட்டார். உண்மை சொல்லு.'

அப்பா கடைசி நாளில் நினைவு தப்பி டேனரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஈரத் தோல் வந்ததா, லாரி வந்ததா என்று. அக்கா கட்டில் பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டபோது, நான்தான் 'சாப்பிட்டியா' என்று காட்டினேன். நல்ல பொய் என்று நினைத்திருந்தேன். இப்போது உள்ளதை எழுதினேன்.

பதில் வந்தது. 'தெரியும். சாப்பிட்டியா வாய் அப்படி அசையாது.' அடுத்த நிமிஷம் இன்னொன்று. 'லாரி வந்ததா?'

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

அன்று தொடங்கி ஒரு வருடம் போல அந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. சித்தப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை? உனக்கு வந்த மாப்பிள்ளை ஏன் திரும்பிப் போனான், என்னாலா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதினேன். அன்று அவள் பதில் போடவில்லை. சாயங்காலம் வரும்போது ஆம்பூரிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்து என் கையில் வைத்தாள்.

அந்த டிசம்பரில் காவேரிப்பாக்கத்தில் ஹாஸ்டல் தோழி ஒருத்தியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பழைய மாணவர்கள் எல்லாரும் வருகிறார்கள் என்று குழுவில் ஏற்பாடு ஆனது. நானும் வருகிறேன் என்று காட்டினேன். அக்கா வேண்டாம் என்றாள். கோபமாக இல்லை, சாதாரணமாக. தனியாகப் பஸ் ஏறினாள். வேலூர் வந்தேன், பஸ் மாறினேன், ஏரி பார்த்தேன் என்று வழியெல்லாம் மெசேஜ் வந்தது. பிறகு நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை.

இருட்டுவதற்கு முன் வந்துவிட்டாள். பட்டுப்புடவை கசங்கி, கண்ணெல்லாம் சிவந்து, முகம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி. அம்மாவையும் என்னையும் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டுச் சைகை அவளுக்குப் போதவில்லை. ஹாஸ்டல் சைகை நடுவில் நடுவில் வந்துவிட்டது. எனக்குப் பாதிதான் புரிந்தது. நிறுத்தச் சொன்னேன். அவள் பொறுமையாக மறுபடி காட்டினாள். அன்றுதான் அவளிடம் அந்தச் சைகைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

திருப்பத்தூர்க்காரரும் மனைவியோடு வந்திருந்தாராம். என்ன பேசினீர்கள் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அவள் போனை எடுத்தாள். நீளமாக அடித்தாள். அவர் மறுபடி கேட்டாராம், நிஜமாகவே நீ வேண்டாம் என்று சொல்லவில்லையா என்று. எனக்குச் செய்தியே வரவில்லை என்று சொன்னாளாம். வந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஹாஸ்டலில் நீ என் முட்டையைத் திருடித் தின்றவன் என்றாளாம். மனைவிதான் ஜாஸ்தியாகச் சிரித்தாளாம்.

நான் சிரித்தேன். பிறகு கேட்டேன். "நெஜமாவே வேண்டாம்னு சொல்லியிருப்பியா அக்கா?"

அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். கேள்வி புரியாமல் இல்லை. பிறகு தட்டிக் காட்டினாள்.

'தெரியாது. அப்போ கேட்டா, அப்போ தெரியும்.'

போனை வாங்கி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்து புடவையைக் களைந்து மடித்து வைத்தாள். காலையில் கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்கு.